மச்சான் செத்த படங்கள்

என் அக்கா புருஷன் பொங்கியண்ணன் சினிமாவில் சாகாத சாவு கிடையாது. வாளையார் செக்போஸ்டில் லாரிக்கு அடியில் செத்திருக்கிறார். தேங்காய் மண்டிக்குள் கழுத்தறுபட்டுச் செத்திருக்கிறார். ஒரு படத்தில் பெயர் போடும்போதே செத்துவிட்டார். அன்றைக்குக் கொஞ்சம் பிந்தி வந்த எங்கள் பங்காளிகள், "பொங்கி எப்பப்பா வருவான்?" என்று கடைசி வரைக்கும் தேடிக்கொண்டிருந்தார்கள். இன்னொரு படத்தில் ஆளே வரவில்லை, சுவரில் மாலை போட்ட போட்டோவாக மட்டும் வந்தார். அந்தப் போட்டோவுக்கும் மேக்கப் போட்டுத்தான் எடுத்தார்கள் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

எங்களுக்குக் கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே தென்னந்தோப்பு. வீட்டில் பேசுவது தமிழ், ரேஷன் கார்டில் இருப்பது மலையாளம், ஓட்டு கேரளாவில், கல்யாண ஜவுளி கோயமுத்தூரில். இதில் எங்களுக்கு ஒரு குழப்பமும் இல்லை. சினிமாக்காரர்களுக்குத்தான் குழப்பம். கொச்சியிலிருந்து வருகிறவர்களுக்கு மச்சான் ஒரு தமிழர், அதாவது லாரி டிரைவர் அல்லது அடியாள் அல்லது பிணம். பொள்ளாச்சியில் படம் பிடிக்க வருகிற தமிழ்க்காரர்களுக்கு அவரே மலையாளி, அதாவது டீக்கடைக்காரர் அல்லது மந்திரவாதி அல்லது பிணம். இரண்டு கூட்டமும் ஒத்துப்போகிற வேஷம் அந்தக் கடைசி வேஷம்தான். அதற்குப் பாஷை தேவையில்லை என்பதால் வாய்ப்பு மட்டும் தடங்கல் இல்லாமல் வந்துகொண்டிருந்தது.

பேச்சு இருக்கிற வேஷம் எப்போதாவது கிடைத்தாலும் அவர் குரலை வைத்துக்கொள்ள மாட்டார்கள். சேட்டன் பேசுவது சரியான தமிழ் இல்லை என்று எர்ணாகுளத்து ஆள் ஒருவர் கண்டுபிடித்து, மதுரைக்காரர் யாரையோ வைத்துப் பேச வைத்தார். திரையில் மச்சான் வாயைத் திறந்தால் உள்ளேயிருந்து வேறொருத்தர் "ஏலே" என்று கத்துவார். எங்கள் ஊர்ச் சனம் தியேட்டரில் விழுந்து விழுந்து சிரிக்கும். மச்சான் அதையும் பாராட்டாக எடுத்துக்கொள்வார். பெயரைக்கூட மலையாள நடிகர்கள் மாதிரி 'பொங்கி கொழிஞ்சாம்பாறை' என்று மாற்றிக்கொண்டார். எங்கள் ஊரில் எல்லோருமே கொழிஞ்சாம்பாறைதான், இவர் மட்டும் அதை விசிட்டிங் கார்டில் அடித்தார்.

இதையெல்லாம் நான் வயிற்றெரிச்சலில் சொல்வதாக நினைக்க வேண்டாம். கொஞ்சம் வயிற்றெரிச்சல் உண்டுதான். ஆனால் அந்த மனுஷன் உருமி மேளத்தைத் தோளில் மாட்டினால் எனக்கு இன்றைக்கும் மேலெல்லாம் சிலிர்க்கும். நான் அவர் மேளச் செட்டில் பம்பை அடிப்பவன், பெயர் ஆறுச்சாமி. எத்தனையோ உருமிக்காரர்களோடு அடித்திருக்கிறேன். அவர் கை வேறு.

உருமியின் ஒரு பக்கத்தைக் குச்சியால் அடிக்க வேண்டும், மறுபக்கத்தை வளைந்த குச்சியால் தேய்க்க வேண்டும். தேய்க்கும்போது வருகிற உறுமல்தான் அதற்கு உயிர். சாமியை அழைக்கிற கொட்டு சுற்றிச் சுற்றி வந்து ஒரு நீள இழுப்பில் முடியும். அந்த இழுப்பை மாரியம்மன் நோம்பித் திருவிழாவில், கோயில் முன்னால் நட்ட கம்பத்துக்கு எதிரே மட்டும்தான் போடுவோம். கல்யாணம், காதுகுத்து, கட்சி ஊர்வலம், ஜவுளிக்கடைத் திறப்பு என்று எங்கே போனாலும் கொட்டு அதேதான், ஆனால் கடைசி இழுப்பை விட்டுவிடுவோம். கேட்கிறவர்களுக்கு வித்தியாசம் தெரியாது. சாமிக்குத் தெரியும். நம்மைக் கூப்பிடவில்லை, இவர்கள் சோற்றுக்கு அடிக்கிறார்கள் என்று அது பேசாமல் இருந்துகொள்ளும்.

இன்னொன்றும் உண்டு. கூப்பிட்டவர்தான் அனுப்பியும் வைக்க வேண்டும். சாமி இறங்கியதும் அவர் எதிரே போய் நின்று, "என்ன வேணும் தாயே" என்று கேட்டு, வாக்கு வாங்கி, வேறு கொட்டு அடித்து மலையேற்ற வேண்டும். அடுத்தவர் கை செல்லாது. அனுப்பாமல் விட்டால் சாமி ஏறிய உடம்பு தாங்காது.

எங்கள் ஊரில் சாமி ஏறுவது என் அக்கா மருதாத்தாள் மேல். மச்சான் கொட்டுக்குத்தான் வரும், வேறு யார் அடித்தாலும் வராது. அக்கா வாயால் வாக்கு வந்த பிறகுதான் கம்பத்தைப் பிடுங்கிக் கிணற்றில் விடுவார்கள். வருஷம் முழுக்க அடுப்படியிலும் மாட்டுக் கொட்டகையிலும் கிடக்கிற அக்காவை அன்றைக்கு ஒரு நாள் ஊரே கையெடுத்துக் கும்பிடும். இறங்கிய பிறகு அவளுக்கு ஒன்றும் ஞாபகம் இருக்காது. "என்னடா சொன்னேன்?" என்று சின்னப் பிள்ளை மாதிரி என்னிடம் கேட்பாள். நான் சொல்லச் சொல்ல அவள் முகம் மலர்வதைப் பார்க்க எனக்கு அவ்வளவு பிடிக்கும்.

மச்சான் சாகிற படங்களை அக்கா ஒன்று விடாமல் பார்ப்பாள். பார்த்துவிட்டு வந்த மறுநாள் விடியற்காலையில் தலைக்குக் குளித்து, கோயிலுக்குப் போய், தாலியில் புது மஞ்சள் கயிறு மாற்றிக்கொள்வாள். புருஷன் வெள்ளைத் துணியில் கிடப்பதைக் கண்ணால் பார்த்த தோஷம் கழிய வேண்டுமாம். இந்த விஷயத்தில் மச்சானின் புகழ் வளர வளர அக்காவின் கயிறு பழசாகவே வாய்ப்பில்லாமல் போயிற்று.

இடுக்கி மலையில், சாந்தன்பாறையில் எடுக்கிற ஒரு படத்துக்குக் கூப்பிட்டபோது அக்கா முறத்தைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்.

"ஏனுங், இதுலயும் சாகறீங்களா?"

"இல்ல புள்ள. இது நல்ல வேசம். உருமிக்காரன் வேசம். இடைவேளை வரைக்கும் வர்றேன்."

"இடைவேளைக்கு அப்பறம்?"

மச்சான் கொஞ்சம் யோசித்தார். "ஊருக்குப் போயர்றேன்."

"சத்தியமாச் சாகலியே?"

"மாரியாத்தா மேல சத்தியம்."

அக்கா நம்பினாள். நம்பியதால்தான் கூட்டத்தில் நிற்க ஊர்ச் சனமும் வேண்டும் என்று சினிமாக்காரர்கள் கேட்டதும், அவர் சாகாமல் நடிப்பதை ஒரு தடவை நேரில் பார்க்கலாம் என்று அவளும் புறப்பட்டாள். மச்சானால் அதைத் தடுக்கவும் முடியவில்லை, உண்மையைச் சொல்லவும் வாய் வரவில்லை.

கேரளாவிலிருந்து கேரளாவுக்குப் போக நாங்கள் பொள்ளாச்சி, உடுமலை என்று தமிழ்நாட்டுக்குள் நுழைந்து, மறையூர் வழியாக மலையேறினோம். ஒவ்வொரு செக்போஸ்டிலும் உருமியை இறக்கி, உள்ளே என்ன இருக்கிறது என்று தட்டிப் பார்த்தார்கள். சாந்தன்பாறையில் ஏலக்காய் எஸ்டேட்டுக்குள் ஒரு அம்மன் கோயில் கட்டி வைத்திருந்தார்கள், தெர்மாகோலில். கூப்பிடு தூரத்தில் கல்லில் கட்டிய நிஜக் கோயில் இருந்தது. அது கேமராவுக்குக் கோயில் மாதிரி தெரியவில்லையாம்.

டைரக்டர் பெயர் ஷிஜி. சின்னப் பெண், நல்ல மரியாதைக்காரி, யாரையும் ஒரு கடுஞ்சொல் சொல்ல மாட்டாள். ஆனால் எல்லாம் ஒரிஜினலாக இருக்க வேண்டும் என்கிற வெறி அவளுக்கு. அதற்காக அந்த எஸ்டேட்டிலேயே ஏலக்காய் எடுக்கிற பெண்களைக் கூட்டத்துக்குப் பிடித்திருந்தார்கள். பிடித்துவிட்டு, அவர்களைப் பார்த்தால் தொழிலாளிகள் மாதிரி இல்லை என்று ஒவ்வொருத்தி முகத்திலும் கரி பூசினார்கள். அவர்களில் மூத்தவள் மூக்கம்மாள். கரிக்காரன் அவளிடம் வந்ததும் கையைத் தட்டிவிட்டாள்.

"நாப்பது வருசமா இந்தக் காட்டுலதான்யா கெடக்கேன். என்னயப் பாத்தா வேலைக்காரி மாதிரித் தெரியலயாக்கும்? ஒங்க ஆத்தா மூஞ்சில போய்ப் பூசு."

கடைசியில் அவளுக்கும் பூசினார்கள்.

மச்சானுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்க லோகேஷ் என்று ஒரு அசிஸ்டென்ட் பையன். தமிழ்ப் பையன்தான், ஆனால் பிறந்து வளர்ந்ததெல்லாம் கொச்சி. "வாங்கன்னு சொல்லாதீங்கண்ணா, அது தமிழ் மாதிரி இல்ல. வாங்கடாலேன்னு சொல்லுங்க" என்று அவன் சொல்ல, மச்சான் பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி திருப்பிச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் பம்பையில் முகத்தை மறைத்துக்கொண்டேன்.

காட்சி இதுதான். கோயில் திருவிழாவில் மச்சான் உருமி அடிக்கிறார். முதலாளியின் ஆட்கள் கூட்டத்துக்குள் புகுந்து அவரைக் குத்துகிறார்கள். அவர் விழுகிறார். கேமரா முகத்துக்குப் பக்கத்தில் வர, "எங்க மண்ணு" என்று சொல்லிக் கண்ணை மூடுகிறார். சனங்கள் அழுகிறார்கள். இடைவேளை. முழுவதும் ஒரே ஷாட்டில் எடுக்கப் போவதாக ஷிஜி சொன்னாள்.

மச்சானுக்கு இதில் உயிரே அந்த க்ளோஸப்தான். இத்தனை படங்களில் அவர் முகத்தைப் பக்கத்தில் காட்டியபோதெல்லாம் கண் மூடித்தான் இருந்தது. கண் திறந்திருக்கிற ஒரு க்ளோஸப். அவ்வளவுதான் அவர் ஆசை. பாவம், பெரிய ஆசை என்று சொல்ல முடியாது. அதற்காகத்தான் மாரியாத்தா மேலேயே பொய்ச் சத்தியம் செய்திருந்தார்.

ஒத்திகை தொடங்கியது. காதில் பெரிய ஹெட்போன் மாட்டிய சவுண்டுக்காரர் பிரதீப், அடிக்கொரு தரம் கையைத் தூக்கினார். "மேடம், ஒவ்வொரு ரவுண்டு முடியறப்பவும் ஒரு கேப் விழுது. என்னமோ ஒண்ணு மிஸ்ஸிங்." எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எங்கள் பக்கத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கே பிடிபடாத இழுப்பு, ஒரு மெஷினுக்குப் பிடிபட்டுவிட்டது.

மச்சான் நேர்மையாகவே சொன்னார். "அது மறந்து போறதில்லீங் மேடம். வேணும்னுதான் விடறது. அதைப் போட்டா சாமி வந்துருமுங்."

ஷிஜியின் கண்கள் விரிந்தன. "வரட்டே! அதல்லே நமக்கு வேண்டது!"

"விளையாட்டு இல்லீங். கோயிலுக்கு வெளிய போடக் கூடாது."

ஷிஜி வற்புறுத்தவே இல்லை. சிரித்துக்கொண்டே, "சாரமில்லா சேட்டா", பரவாயில்லை அண்ணா, என்றாள். உருமிச் சத்தத்தைப் பிறகு ஸ்டூடியோவில் வேறு ஆளை வைத்துச் சேர்த்துக்கொள்ளலாமாம். சத்தமும் கையும் பொருந்தாது என்பதால் மச்சானைப் பின்னாலிருந்து எடுத்துக்கொள்ளலாமாம். முதுகு போதுமாம்.

மச்சான் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குத் தெரியும்.

"வேண்டாங் மச்சான். அக்கா கூட்டத்துல நிக்குது."

"ஒரே ஒருக்கா மாப்ள. வந்தாலும் உடனே அனுப்பிச்சுப்போடலாம். கையில உருமி இருக்குதல்ல?"

கையில் உருமி இருக்கும், ஆனால் கத்திக்குத்து வாங்கிப் படுத்திருப்போம் என்பதை அவர் அந்த நிமிஷம் மறந்துவிட்டார். நடிகர் ஆகிவிட்ட பிறகு அவருக்குத் தான் செத்தவன் என்பதே அடிக்கடி மறந்துபோகும்.

கேமரா ஓடியது. மச்சான் அடித்தார். நானும் சேர்ந்துகொண்டேன். கொட்டு சுற்றி வந்து முடிகிற இடத்தில் வளைந்த குச்சியைத் தோலில் அழுத்தி நீளமாக இழுத்தார். அந்த உறுமல் ஏலக்காய்க் காட்டுக்குள் போய்த் திரும்பி வந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது, பொய் சொல்லவில்லை. அப்படி ஒரு இழுப்பு. அடுத்த சுற்று முடிவதற்குள் கூட்டத்திலிருந்து அக்காவின் குரல் கேட்டது. அது அக்கா குரல் இல்லை.

முடி அவிழ்ந்து தொங்க, கையிரண்டையும் பின்னால் கட்டிக்கொண்டு, கட்டை விரலில் ஊன்றி ஆடி வந்தாள். கரி பூசிய பெண்கள் விலகி வழிவிட்டார்கள். நடிக்கச் சொன்னபோது பல்லைக் காட்டிக்கொண்டிருந்தவர்கள் இப்போது யாரும் சொல்லாமலே கும்பிட்டார்கள்.

"ஏ, இது நெசச் சாமிடீ!" என்று மூக்கம்மாள் கத்தினாள்.

அதே நேரம் முதலாளியின் ஆட்கள் சொல்லிவைத்தபடி ஓடிவந்து மச்சானைக் குத்தினார்கள். மச்சானும் சொல்லிவைத்தபடி விழுந்தார். விழுந்தவர் "எங்க மண்ணு" என்று சொல்லக் கண்ணைத் திறந்து கேமராவைத் தேடினார். கேமரா அங்கே இல்லை. அது திரும்பி அக்காவைப் பார்த்துக்கொண்டிருந்தது. சரி, பிறகு வரும் என்று கண்ணை மூடிக்கொண்டு படுத்துவிட்டார்.

சாமி ஆடிக்கொண்டே வந்து அவர் தலைமாட்டில் நின்றது.

"டேய்! என்னையக் கூப்புட்டியே, எந்திரிடா!"

மச்சான் அசையவில்லை.

"மலையில இருந்தவளக் கூப்புட்டுப்போட்டுப் படுத்துக்கிட்டயா? எந்திரி! என்னைய அனுப்பு!"

ஷிஜி எங்களைப் பார்த்துச் சத்தம் வராமல் கையைக் காட்டினாள், யாரும் கட் சொல்லக் கூடாது, யாரும் குறுக்கே போகக் கூடாது. அவள் கண்ணில் தண்ணீர் வந்திருந்தது. கலைக் கண்ணீர். லோகேஷ் தன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றான். என் அக்கா மூச்சு வாங்கி, உதடு வெளுத்து, கால் பின்ன ஆடிக்கொண்டிருந்தாள். அவளுக்கு நெஞ்சுப் படபடப்பு உண்டு, மாத்திரை சாப்பிடுகிறவள்.

நான் பம்பையோடு மச்சான் பக்கத்தில் உட்கார்ந்து, "மச்சான், எந்திரிங். அக்காவுக்கு முடியல, எந்திரிங்" என்றேன்.

பிணம் உதட்டை அசைக்காமல் சொன்னது: "கட் சொல்லலியல்ல மாப்ள."

மூக்கம்மாள் கேமராவுக்கு முன்னாலேயே புகுந்தாள். "யோவ், அடிச்ச ஆளு நீதானய்யா? அந்தப் பிள்ள செத்துப்போகும்யா, எந்திரிச்சு அனுப்புய்யா!" மச்சானின் இமை துடித்தது. எழுந்துவிடுவார் என்றுதான் நான் நினைத்தேன். அந்த நேரம் பார்த்துக் கேமரா மெல்ல அவர் பக்கம் இறங்கியது. இமை துடிப்பது நின்றது.

சாமி ஆட்டத்தை நிறுத்தியது. குனிந்து அவர் முகத்தைப் பார்த்தது. பிறகு கத்தாமல், அக்கா வீட்டில் பேசுகிற மாதிரியே சொன்னது.

"பொணம் கூப்புட்டா வந்தேன்? சரி, படுத்துக்க. இனி உன்ற கொட்டுக்கு நான் வரமாட்டேன்."

அப்படியே சாய்ந்தாள். மூக்கம்மாள் தாங்கிக்கொண்டு, முந்தானையில் முடிந்து வைத்திருந்த திருநீற்றை அவள் நெற்றியில் அப்பினாள். அக்காவுக்கு மூச்சு வந்தது. அதற்குப் பிறகுதான் ஷிஜி "கட்" என்றாள். எல்லோரும் கைதட்டினார்கள். மச்சான் சட்டென்று எழுந்து, சட்டையில் சிவப்புச் சாயம் ஒழுக, முதலில் அக்காவைப் பார்த்தார், பிறகு ஷிஜியைப் பார்த்தார். வாயைத் திறந்து கேட்டது ஷிஜியிடம்.

"மேடம், ஷாட் ஓகேங்களா?"

அன்றைக்கு அவரை அறைந்திருக்க வேண்டும். அக்கா புருஷன் என்று பார்த்தேன்.

வேனில் திரும்பும்போது அக்கா எதுவும் தெரியாமல் கேட்டாள், "ஏனுங், எப்படி நடிச்சீங்? நான் தலை சுத்தி விழுந்துட்டனாமா. பாக்கவே முடியாமப் போச்சு." மச்சான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "நல்லா வந்துது புள்ள." "சாகலியே?" "இல்ல புள்ள." பின்சீட்டில் எங்கள் ஊர்ச் சனம் அத்தனை பேரும் வெளியே தெரிந்த மலையை ரசித்தார்கள். சாமி வந்ததை அக்காவிடம் சொல்லிவிட வேண்டாம் என்று என்னையும் சேர்த்து அவர் ஒவ்வொருத்தரையும் தனித்தனியாகக் கெஞ்சியிருந்தார்.

அந்த வருஷ நோம்பியில் மச்சான் கம்பத்துக்கு எதிரே நின்று இழுப்பை ஒன்று விடாமல் அடித்தார். கை ரத்தம் கசிய அடித்தார். அக்கா ஈரப் புடவையோடு வேப்பிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சாமி வரவில்லை. ஊர் காத்திருந்தது. கடைசியில் பூசாரி பூக்கேட்டு, அம்மன் தலையிலிருந்து பூ விழுந்ததை வைத்து உத்தரவு என்று சொல்ல, கம்பத்தைப் பிடுங்கினார்கள். அக்கா அந்தக் கிணற்றடியிலேயே உட்கார்ந்து அழுதாள்.

"என்ற மேலதான் என்னமோ குத்தம் ஆறுச்சாமி. தீட்டு கீட்டு ஏதாவது தெரியாமப் பண்ணிப்போட்டனோ? ஆத்தா ஏன் என்னைய வேண்டாம்னுட்டா?"

பிறகு அவள் விரதம் இருந்தாள். தலையில் எண்ணெய் வைப்பதை நிறுத்தினாள். சாப்பாடு ஒரு வேளை. உடம்பு பாதியாகிவிட்டது. நான் மச்சானைத் தோப்புக்குள் இழுத்துப்போய்ச் சொன்னேன், நீங்கள் சொல்கிறீர்களா, நான் சொல்லவா என்று. "படம் வந்துரட்டும் மாப்ள. படத்துல என்ற நடிப்பைப் பாத்தா அவளே மன்னிச்சுருவா" என்றார். இந்த மனுஷனுக்கு நடிப்பின் மேல் இருந்த நம்பிக்கை, நடிப்புக்கு இவர் மேல் இருந்திருந்தால் எங்கேயோ போயிருப்பார்.

படம் வந்தது. கொழிஞ்சாம்பாறை பஜாரில் பங்காளிகள் ஃபிளக்ஸ் வைத்தார்கள். பக்கத்துச் சித்தூர் தியேட்டரில் ஊரே போய் உட்கார்ந்தோம். மச்சான் புதுச் சட்டை, அக்கா அவர் பக்கத்தில், அதற்கடுத்து நான்.

இடைவேளைக் காட்சி வந்தது. உருமிச் சத்தம் தியேட்டரை உலுக்கியது. மச்சான் நிமிர்ந்து உட்கார்ந்தார். குத்தினார்கள், விழுந்தார். அதற்குப் பிறகு திரை முழுவதும் என் அக்கா. அவள் கண், அவள் நெற்றி, பறக்கிற முடி. மச்சான் விட்டுக்கொடுக்காமல் காத்துக் கிடந்த அந்த க்ளோஸப் முழுவதும் அவளுக்கே போயிருந்தது. மச்சானுக்குக் கிடைத்தது ஓரத்தில் இரண்டு பாதம். "எங்க மண்ணு" வரவே இல்லை. பின்னணி இசை எதுவும் போடாமல், டப்பிங்கும் பேசாமல், எங்கள் பக்கத்துத் தமிழ் அப்படியே திரையில் கேட்டது.

"டேய்! என்னையக் கூப்புட்டியே, எந்திரிடா!"

தியேட்டரில் விசில் பறந்தது. எங்கள் ஊர்ச் சனம் மட்டும் விசிலடிக்கவில்லை. அக்கா இரண்டு கையாலும் முன்சீட்டைப் பிடித்துக்கொண்டு, தன் வாயால் தான் சொன்னதையெல்லாம் முதல் தடவையாகக் கேட்டாள். அந்த இரண்டு பாதம் அசைகிறதா என்று பார்த்தாள். அசையவில்லை. "பொணம் கூப்புட்டா வந்தேன்?" என்று திரையில் சாமி கேட்டதும் அவள் திரும்பி, இருட்டில் மச்சானைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். மச்சான் பாவம், திரையில் தன் முகம் இனிமேலாவது வரும் என்று காத்துக்கொண்டிருந்தார்.

விளக்குப் போட்டதும் அக்கா எழுந்து வெளியே போய்விட்டாள். மீதிப் படம் பார்க்கவில்லை.

மறுநாள் விடியற்காலையில் அவள் தலைக்குக் குளிக்கவில்லை, கோயிலுக்கும் போகவில்லை. தொட்டியில் பருத்திக்கொட்டையையும் தவிட்டையும் கலந்து மாட்டுக்கு வைத்துக்கொண்டிருந்தாள். முகத்தில் அழுத தடம் இல்லை. தலையில் எண்ணெய் வைத்து வழித்துச் சீவியிருந்தாள். குற்றம் தன் மேல் இல்லை என்று தெரிந்துவிட்டதல்லவா. விஷயம் எப்படி இருக்கிறதோ என்று பார்க்க நான் போயிருந்தேன். மச்சான் தானே பஜாருக்குப் போய் மஞ்சளும் கயிறும் வாங்கி வந்து, வெற்றிலையில் வைத்து அவளிடம் நீட்டினார்.

"கயிறு மாத்தலியா புள்ள?"

"எதுக்குங்?"

"படத்துல செத்துட்டனல்ல."

"அது உசுரோட இருக்கறவங்களுக்காகக் கட்டறதுங்" என்றாள் அக்கா. கோபமாகக்கூடச் சொல்லவில்லை. கயிற்றை வாங்கி, மாட்டுக் கொட்டகை ஆணியில் மாட்டிவிட்டு, வேலையைப் பார்க்கப் போய்விட்டாள்.

மச்சான் வெகுநேரம் அந்த ஆணியையே பார்த்தார். அதற்குப் பிறகு உருமியை எடுத்து வந்து, வாசலில் நின்று அடிக்கத் தொடங்கினார். எதிரே கம்பமும் இல்லை, கேமராவும் இல்லை. ஒரு கோழி மட்டும் நின்று பார்த்தது. ஒவ்வொரு சுற்று முடியும்போதும் அந்த நீள இழுப்பை முழுசாகப் போட்டார். சாமி வந்து நாலு வார்த்தை திட்டினாலும் போதும் என்கிற மாதிரி அடித்தார். கன்னத்தில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது, துடைக்கவும் இல்லை. இவ்வளவு காலத்தில் அந்த மனுஷன் நடிக்காமல் நின்று நான் பார்த்தது அப்போதுதான். கொட்டகைக்குள் அக்கா கை ஓய்ந்து நின்றாள். வேப்பமரத்தடியில் நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வந்துவிடும் போலத்தான் இருந்தது.

கொட்டு சுற்றி வந்து, முடிகிற இடத்துக்கு வந்தது. வளைந்த குச்சி தோலைத் தொட்டது. அப்போது அவர் சட்டைப்பையில் போன் அடித்தது.

இழுப்பு விழவில்லை. கை அந்தரத்தில் நின்றது. மச்சான் பையைப் பார்த்தார், கொட்டகையைப் பார்த்தார், மறுபடி பையைப் பார்த்தார். எட்டிப் பார்த்தேன், லோகேஷின் பெயர் தெரிந்தது.

"எடுங், எடுங்" என்றாள் அக்கா உள்ளேயிருந்து. "பொணமாப் படுக்கறதுக்கு ஆளு கேப்பாங்க."